தணலில் காய்ந்த பட்மின்டன் மட்டை

என் மருமகளின் பட்மின்டன் மட்டை சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. முன்பு அந்த ஆணியில் எங்கள் வீட்டுக்காரரின் குடை தொங்கும். அந்தக் குடை வந்தது ஒரு பெரிய கதை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். குடைக் கதை எதற்கு அப்பாயி, அம்மாவின் மட்டைக்கு வா என்கிறாள். வருகிறேன்.

மருமகள் ஹல்துமுல்லைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி நமுனுகுலவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தபோது, பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு பழைய மட்டை இருந்தது. நரம்பெல்லாம் போய் வெறும் சட்டம். மீன் பிடிக்கவா என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் நன்றாக விளையாடியவளாம். இந்தப் பேத்தி பிறந்து நடக்கப் பழகிய காலத்தில், தோட்டத்துப் பெண்களுக்குப் பதுளையில் போட்டி வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அவ்வளவுதான். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கூடையை என்னிடம் தள்ளிவிட்டு, பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் சிநேகிதியோடு விளையாடப் போய்விடுவாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்போமே, அந்தப் பெரட்டுக்களத்தில்தான் விளையாட்டு.

வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் எதையும் நேரே சொல்லமாட்டார். அவள் காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொல்வார். "கல்யாணம் கட்டுன பொம்பள காச்சட்டையப் போட்டுக்கிட்டுக் குதிக்கிறா. நாளைக்கு நான் பாவாட கட்டிக்கிட்டுத் தப்பு மேளம் அடிக்கவா?" என்றார் ஒருநாள். "அடிங்க மாமா, மொத ஆளா வந்து பாக்குறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் பெரட்டுக்களம் பக்கமே போகாமல் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றி வருவார்.

அதுவரை இரவல் மட்டையில் ஆடியவள், போட்டி நெருங்கியதும் புது மட்டை வாங்கப் பதுளைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கடைக்காரர் ரோசாப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டி, பெண்களுக்கு இதுதான் என்றார். அவள் நிறத்தைப் பார்க்கவேயில்லை. மட்டையை ஒற்றை விரலில் படுக்க வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். தலைப்பக்கம் பாரமாக இருந்தால் அடி பலமாக விழுமாம், ஆனால் கூடை சுமந்த தோள் சீக்கிரம் சோர்ந்துவிடுமாம். பிறகு கைப்பிடியின் தடிமன். பிறகு வீசிப் பார்ப்பது. எனக்குக் கால் கடுத்துவிட்டது. இவளைப் பெண் பார்க்கப் போனபோதுகூட நாங்கள் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் என் மகன் சரி சொல்லிவிட்டான்.

ஒருவழியாக ஒன்றை எடுத்தாள். நரம்பு எத்தனை பவுண்டில் போடவேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். பவுண்ட் என்றால் நம்ம ராத்தல்தான் மாமி என்றாள். நான் கொழுந்தெடுத்த காலத்தில் ராத்தலில்தான் நிறுப்பார்கள்; ஆனால் நரம்பை எதற்கு நிறுக்க வேண்டும்? அது நரம்பின் எடை இல்லையாம், நரம்பை இழுக்கிற இழுப்பாம். இறுக்கிப் போட்டால் பந்து நினைத்த இடத்துக்குப் போகும், ஆனால் பலமெல்லாம் நம் கை கொடுக்க வேண்டும். தளர்த்திப் போட்டால் நரம்பே துள்ளித் தூக்கிவிடும், ஆனால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு போட்டவள், தோளைத் தடவிப் பார்த்துவிட்டு இருபத்திரண்டு என்றாள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் முகம் செத்துப்போய் வந்தாள். அடித்த பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போய்விட்டதாம். அடுப்படியில் உட்கார்ந்து, "ரொம்பத் தளந்து கெடக்கு மாமி. நாளைக்கு எல்லார் முன்னாலயும் தோத்துட்டு வரப்போறேன்" என்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் காது திறந்துதான் இருந்திருக்கிறது.

அவர் திருவிழாவில் தப்பு அடிப்பவர். எங்கள் மலையில் பனி இறங்கினால் தப்பின் தோல் தளர்ந்து, சத்தம் செத்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் காட்டினால் தோல் இறுகி, கணீரென்று பேசும். தளர்ந்ததற்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

விடியும்போது அடுப்பங்கரையில் ஏதோ கருகும் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், இவர் தணலுக்கு மேல் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். "தளந்து கெடக்குன்னு சொன்னாளே" என்றார் என்னிடம், ரகசியமாக. நான் வாயெடுப்பதற்குள் டப்பென்று ஒரு நரம்பு அறுந்தது.

மருமகள் எழுந்து வந்தாள். மட்டையை வாங்கினாள். கத்தரிக்கோலை எடுத்து, நடுவிலிருந்து மிச்ச நரம்புகளையும் வெட்ட ஆரம்பித்தாள். இவர் சுவரோடு சாய்ந்துவிட்டார். "வெட்டும்மா. அப்படியே என் கையையும் சேத்து வெட்டிப்போடு" என்றார்.

"கோவத்துல வெட்டல மாமா. ஒண்ணு அறுந்தா மத்ததெல்லாம் ஏறுமாறா இழுத்து சட்டத்த வளைச்சுப்புடும். சட்டம் பொழைக்கணும்னா எல்லாத்தையும் வெட்டணும்" என்றாள் அவள். வெறும் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். எங்கும் வளையவில்லை, கருகவில்லை. "நரம்பத் தப்பாப் போட்டது நான்தான். இன்னிக்குச் சரியாப் போட்டுக்கலாம். சட்டையப் போடுங்க மாமா, மொத பஸ்ஸப் புடிக்கணும்."

நானாக இருந்தால் அந்த லயம் முழுவதும் கேட்க ஒப்பாரி வைத்திருப்பேன். அவள் ஒரு சொல் சுடுசொல்லாகச் சொல்லியிருந்தால், அந்த மனிதர் அதன் பிறகு அவள் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார். சமாதானத்துக்காக அவள் பொய்யும் சொல்லவில்லை. நரம்பு தளர்ந்துதான் இருந்தது, அது தன் கணக்கில் வந்த பிழை என்று உள்ளதைச் சொன்னாள். அந்த வயதில் அந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

நானும் கூடக் கிளம்பினேன். கடையில் இந்தத் தடவை இருபத்திநாலு. மெசின் ஒவ்வொரு நரம்பாக இழுத்து இறுக்குவதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நெருப்பே வேணாமாய்யா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். அந்த மனிதர் விழித்தார். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். விளையாடும் மண்டபம் வரைக்கும் மட்டையை அவர்தான் தூக்கி வந்தார், வெயில் படாமல் துண்டில் சுற்றி.

சோடியாக ஆடும் போட்டி அது. முதல் ஆட்டத்தில் மருமகளும் அவள் சிநேகிதியும் ஜெயித்தார்கள். பந்தெல்லாம் கோட்டுக்குள்ளே விழுந்தது. அடுத்தது ஹாலிஎலத் தோட்டத்துப் பெண்களோடு. விடாமல் அடித்து, கடைசியில் மயிரிழையில் தோற்றார்கள். மருமகளின் கடைசிப் பந்து கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. இவர் கை தட்டவில்லை. ஆட்டம் முடியும்வரை விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டபடி இருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பாதி மலை ஏறியதும் திரும்பினார்.

"ஏம்மா, இன்னும் ஒரு ராத்தல் ஏத்தியிருந்தா அந்தக் கடைசிப் பந்து உள்ள விழுந்திருக்குமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"விழுந்திருக்கலாம் மாமா. ஆனா தோள்கிட்ட கேக்கணும்."

"கேளு. கேட்டுட்டுச் சொல்லு. அடுத்த வருசம் இருபத்தஞ்சு போட்டுப் பாப்பம்."

தோள் சம்மதம் சொல்ல ஒரு வருசத்துக்கு மேலேயே ஆனது. இப்போது அவள் இருபத்தைந்துதான் போடுகிறாள். நரம்பு மாற்றப் பதுளைக்குப் போகிற அன்று, அவள் தலை சீவி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.