கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லாதவர்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நிமோனியா என்று தூக்கிக்கொண்டு போனபோது நான் பாதி உயிராகிவிட்டேன். இப்போது மனுஷன் தானாகவே காரிலிருந்து இறங்கி, டிரைவரிடம், "ஏனுங்க, காபி குடிச்சுட்டுப் போலாமுங்க" என்று உபசாரம் வேறு! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நாங்கள் இருப்பது மதுக்கரைப் பக்கம், வயதானவர்களுக்கான ஒரு குடியிருப்பில். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பொதுக்கூடத்தில் சாப்பாடு. மாத்திரைகளை வேளாவேளைக்கு நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். வால்பாறைப் பெண், கெட்டிக்காரி. என் வாய்க்கு ஈடு கொடுக்க அந்த வளாகத்திலேயே அவள் ஒருத்திதான். இவர் வருகிறார் என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் இவருடைய மாத்திரை டப்பாவைப் பழையபடியே நிரப்பித் தயாராக வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய புது மாத்திரைகளையும் அதோடு சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டிபனுக்குப் பிறகு, பொள்ளாச்சியிலிருந்து இவருடைய சிநேகிதர் ஒரு குலை இளநீரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலிலேயே இவர் சீறினார்.

"எதுக்கு வந்தே? எந்திரிச்சுப் போ!"

சிநேகிதர் இன்னும் உட்காரவே இல்லை. இளநீர்க் குலையோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து அறைக்காரர்கள், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா ஐயாவுக்கும் கோவம் வருதுங்களே" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கத்தினால் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். இவர் கத்தி நான் பார்த்ததே கிடையாது. தபால்காரரைக்கூடத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பாத மனுஷன், வீடு தேடி வந்தவரை விரட்டுகிறார்!

கிட்டே போய்க் கழுத்தைத் தொட்டேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் நான் யார் என்று யோசிப்பது போலிருந்தது.

"சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் சமையல்காரர்கள்கூட ஓடி வந்தார்கள். நர்ஸ் விரல் நுனியில் குத்தி மிஷினில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "சுகர் ரொம்ப இறங்கியிருக்கும்மா. சர்க்கரைத் தண்ணி, சீக்கிரம்!" சிநேகிதர் திட்டு வாங்கியதையெல்லாம் மறந்து இவர் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் டம்ளரை உதட்டில் வைத்தேன். குடித்தார், நல்ல வேளை. ஒவ்வொரு மடக்குக்கும் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. டாக்டர் வந்து, சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்.

அவர்தான் இரண்டு மாத்திரை அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கம்பெனி வேறு, மேலே பெரிதாகப் போட்டிருந்த பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றேதான். பழையதை நிறுத்தாமல் புதியதையும் சேர்த்ததால் சர்க்கரை மாத்திரை இரண்டு மடங்காகப் போயிருக்கிறது.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்று நர்ஸ் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் வாயைத் திறந்தேவிட்டேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் புள்ளயத் திட்டாத அம்மணி. எனக்குக் காத்தாலயே சந்தேகந்தான். இந்த வெள்ளை மாத்திரை சக்கரைக்குன்னு ஆஸ்பத்திரில சொல்லித்தான் உட்டாங்க. கிண்ணத்துல நம்ம பழசும் கெடந்துச்சு. அது ஆசையாக் கொண்டாந்து கையில குடுக்குது, எப்படி வேண்டாங்கறது? முழுங்கிப்போட்டேன்."

அடப்பாவி மனுஷா! நர்ஸுக்கு வைத்திருந்த வசவெல்லாம் அப்படியே இவர் பக்கம் திரும்பியது. யார் முகமோ வாடிவிடக் கூடாது என்று என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் பார்த்தாரே! திட்டிக்கொண்டே அழுதேன். "இனிமே கேட்டுப்போட்டுத்தான் முழுங்கோணும்" என்று சத்தியம் வாங்கினேன்.

அடுத்த நாள் காலை பொதுக்கூடத்தில் எல்லோருடைய கண்ணும் எங்கள் மேஜை மேல்தான். நர்ஸ் கிண்ணத்தை நீட்டினாள். இவர் வாங்கினார், தொண்டையைச் செருமினார், காது நுனி வரை சிவந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. இது எதுக்குங்க?"

கேட்டேவிட்டார்! எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்கலாம் போலிருந்தது. நர்ஸ் முகம் வாடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கத்து மேஜையில் ஒருவர் தன் கிண்ணத்தை உற்றுப் பார்த்து, "அப்ப இது எதுக்குங்க?" என்றார். பிறகு இன்னொருவர். இட்லி ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

இவருக்குத் தைரியம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். நம்ம ஊட்டுல இருந்தப்ப உன்ற ரசத்துல எப்பவுமே புளி ஜாஸ்தி. இத்தன வருசமாச் சொல்லாமயே குடிச்சுப்போட்டேன்."

கூடமே சிரித்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போயிருப்பேன். அன்று நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்புறம்? வேற என்னென்ன குறை? எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன்.