அம்பு எந்தப் பக்கம்

1991. பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். ஆர்கானிக் பேப்பரில் எனக்கு ஏற்கெனவே அரியர் இருந்தது. இந்த முறையும் போனால் படிப்பு போதும், குன்றத்தூர் வரனையே முடித்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். தேறினால் எம்.எஸ்சி.

ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம் காலேஜுக்கு பஸ்ஸில் போகும் எங்கள் கூட்டம் முழுக்க ஒரே ஜெராக்ஸ் நோட்ஸைத்தான் மனப்பாடம் செய்தது. மூலக்கூறுகளை முதலில் வரிசையாக வரைந்துவிடுவோம். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வளைந்த அம்புகளைக் கடைசியில் போடுவோம், கோலம் போட்டு முடித்துக் காவி இழுக்கிற மாதிரி.

பரீட்சையில் பெரிய மார்க் கேள்வி ஒன்றில் அந்த வழக்கம்தான் காலை வாரியது. மூலக்கூறுகள் வந்துவிட்டன. அம்புகள் சுத்தமாக மறந்துவிட்டன. வேறு வழியில்லாமல் யோசித்தேன். ஆக்சிஜனிடம் இரண்டு எலக்ட்ரான் சும்மா இருக்கிறது. ஹைட்ரஜன் அயனியிடம் ஒன்றுமே இல்லை. இருக்கிறவன்தானே கொடுக்க முடியும்? ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜனுக்கு அம்பை வளைத்தேன். மற்ற அம்புகளையும் அதே கணக்கில் போட்டுவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த தோழிக்கு முகம் மாறியது.

"உல்டாவா போட்டுகினு வந்துட்டியேடி. நோட்ஸ்ல ஹைட்ரஜன்லேர்ந்துதானே கீது?"

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அத்தனை பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் பெயில் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், பேப்பர் ஊற்றிக்கொண்டது என்று சொல்லி அழுதேன். ரிசல்ட் வரை எதற்குக் காத்திருப்பது என்று அப்பா குன்றத்தூருக்கு ஆள் அனுப்பினார். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் தட்டு மாற்றினார்கள். பெயிலானவளுக்கு என்ன பேச்சு என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ரிசல்ட்டில் என் நம்பர் இருந்தது. அந்தக் கேள்வி போயிருந்தால் நான் தேறியிருக்கவே முடியாது. அப்படியென்றால் என் அம்புகள்தான் சரி, பஸ் முழுக்கப் படித்தது தப்பு. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. நோட்ஸ் மேல், தோழி மேல், அவர்களை நம்பிய என் மேல்.

எம்.எஸ்சி. சேரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ரிசல்ட் வந்திருந்த பேப்பரை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீதானம்மா போச்சுன்னு சொன்ன," என்றார். "தட்டு மாத்திட்டோமே."