துடுப்பு கட்டிலுக்குக் கீழே

மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவன் மெதுவாகப் பேசினால், அவனுக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஊர் முடிவுகட்டிவிடும். இதே தொழிலில் கிடந்து மாய்கிற உங்களுக்குத் தெரியாததா! ஆனாலும் என் மெதுவான பேச்சைக் காதில் போடாத குருக்கள்மடத்து நாகலிங்கம் அண்ணன் கதையைக் கேளுங்கள். வாவியில் நண்டு வலை போடுகிறவர். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்து, ஒருமாதிரி எழும்பியவர். இன்னொரு தரம் வந்தால் எழும்புவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

உப்பில்லாக் கறி

பீடியை விட்டாராம், கறியில் உப்பும் இல்லையாம். ஆனால் கடையில் பார்த்தால் பிரசர் இறங்கவேயில்லை. மெசினில்தான் பிழை என்று இரண்டாம் தரமும் பார்த்தேன். அதேதான்.

"காலைச் சாப்பாடு என்னண்ணன்?"

"பழஞ்சோறும் சுட்ட கருவாடும்."

கருவாடு முழுக்க உப்புத்தானே என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அதுக்கு உப்புப் போட்டது யாவாரி, மனே. நாங்க வீட்டில ஒரு கல்லும் போடல்ல."

நண்டு கடித்த விரல்

ஒருநாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பிளாஸ்டர் வாங்க வந்தார். இரத்தம் கட்டிபடாமல் இருக்கத் தந்த குளிசையைப் போட்டால், நண்டு கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஓடுகிறதாம். அதனால் தோணியில் போகிற நாட்களில் அதைப் போடுவதில்லையாம்.

"கிழமையில எத்தின நாள் தோணி?"

"ஆறு."

டொக்டரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள் என்று கெஞ்சினேன்.

"வெள்ளிக்கிழம போடுறன்தானே. நான் சும்மா விடல்ல, மனே!"

ஐந்து நிமிடம்

இரண்டு நாள் கழித்து, மனைவி சரோஜா அக்கா அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போகிற வழியில் கடைக்குள் வந்தார்கள். பேசிக்கொண்டு நிற்கும்போதே அண்ணனின் வாய் கோணியது. கையிலிருந்த கிளினிக் கொப்பி கீழே விழுந்தது. வாயிலிருந்து வந்தது பேச்சல்ல, வெறும் சத்தம். அம்புலன்சுக்குப் போன் அடித்தேன்.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி! சாரத்தை உதறிக் கட்டி, "வெயில்தான், நான் வாறன்" என்று வெளிக்கிட்டார். நான் வாசலை மறித்து நின்றேன். அக்கா அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்த பிடியை அம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைபட்டுத் திறந்திருக்கிறது, அடுத்த தரம் திறக்காமலே போகலாம் என்றார்களாம் ஆசுபத்திரியில். குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, காயம் பட்டால் அழுத்திப் பிடி, வலையிலிருந்து நண்டு கழற்றக் கையுறை போடு என்றும் சொன்னார்களாம். அடுத்த மாத மருந்துக்கு அக்கா தனியாக வந்தார்.

"குளிசை இவர்ட வயித்துக்குள்ள போகாம தோணி வாவிக்குள்ள போகாது, தம்பி. துடுப்பு என்ட கட்டிலுக்குக் கீழ."

மருந்து கொடுக்க எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். துடுப்பை ஒளிக்க ஒருவரும் சொல்லித்தரவில்லை.