சொல்லாமல் நிறுத்திய கேதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. மருந்துக் காம்பராவில் போத்தல் கழுவ வந்து, மருந்து கலக்கப் பழகி, ஊசி போடப் பழகி, பழைய டாக்டர் விட்டுப்போன தடித்த புத்தகங்களை அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்து, கடைசியில் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தவன். புத்தகத்தில் படித்ததைவிட நோயாளிகள் வாயிலிருந்து கற்றதுதான் அதிகம். எங்கள் ஆட்கள் நோயைச் சொல்லும் விதமே தனி. மூட்டு வலிக்காரர் ஒருவர், "முட்டிக்குள்ள யாரோ கவ்வாத்து வெட்டுறாங்க" என்பார். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கழிப்பதுதான் கவ்வாத்து. நெஞ்சு படபடப்போடு வந்த ஓர் அம்மா, "உள்ளுக்குள்ள பெரட்டுத் தப்பு அடிக்குதுங்க" என்றார். விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிடுகிற அந்தத் தப்புச் சத்தத்தைக் கேட்டவனுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில், அரிசிக்கும் மாவுக்கும் இலங்கை முழுவதும் வரிசையில் நின்ற காலத்தில், வாந்திபேதி வந்தது. முதலில் விழுந்தவர் தேயிலை கவ்வாத்து வெட்டுகிற ஒரு பெரியவர். பகிடிக்காரர். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "உள்ள ஒரு பீலி தொறந்துக்கிச்சுங்க டாக்டரய்யா, அடைக்க ஆளில்ல" என்றார். மலைத் தண்ணீரைக் குழாய் வழியாக லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசலுக்குக் கொண்டுவந்து விழவைப்பதுதான் பீலி. நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் அவருடைய விரல் நுனிகள் நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோலச் சுருங்கியிருந்தன. கண் குழிக்குள் போய்விட்டது. குரலும் போய்விட்டது. பகிடி சொல்ல வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் ஜீப்பில் வந்தார். இந்த நோய் கிழக்கே ஏதோ தீவுகளில் கிளம்பி, கப்பல் மாறிக் கப்பல் மாறிப் பல வருடங்களாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இப்போது நம்மிடம் வந்திருக்கிறது என்றார். கிருமியால் யாரும் சாவதில்லை, உடம்பு தண்ணீர் வற்றித்தான் சாகிறது, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்து விடாமல் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்றார். உப்பு இருந்தது. சீனி கடையில் இல்லை. அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டாலும் ஆகும் என்றார். அரிசி எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜீப்பில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னார். இதில் படுத்தவர்களைவிடப் படுக்காதவர்கள்தான் ஆபத்து. பலருக்குக் கிருமி வயிற்றில் இருக்கும், ஒரு தொந்தரவும் தெரியாது. நன்றாக நடமாடுகிறவர்கள்தான் அதை ஊர் ஊராகச் சுமந்துபோகிறார்கள். இந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது.

நான் முதலில் சந்தேகப்பட்டது பீலித் தண்ணீரைத்தான். ஊற்றுவரை ஏறிப்போய்ப் பார்த்தேன். ஆனால் அந்தத் தண்ணீரை லயமே குடிக்கிறது. நோயோ கவ்வாத்துக்காரருடைய சொந்தக்காரர்கள் வீடுகளில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு வீட்டு முன் திண்ணையிலும், அந்த இஸ்தோப்பில் குந்திக் கதை கேட்டேன். அவர் படுப்பதற்கு முந்தின வாரம் மஸ்கெலியாப் பக்கம் ஒரு கேதத்துக்குப் போய்வந்திருக்கிறார். சாவுச் செய்தியையும் எங்கள் ஆட்கள் கேதம் என்பார்கள், சாவு வீட்டையும் கேதம் என்பார்கள். அங்கே இறந்தவருக்கும் வயிற்றால்தான் போயிருக்கிறது. உடம்பைக் குளிப்பாட்டினார்கள். துணியை ஓடையில் அலசினார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள்.

அந்த வாய்க்கரிசியை நினைத்துப் பாருங்கள். உறவுக்காரர் ஒவ்வொருவராக அரிசியை அள்ளிப் பிணத்தின் உதட்டில் வைக்கிறார்கள். உதட்டில் இருப்பது கைக்கு வருகிறது. பிறகு அதே கை வெற்றிலை மடிக்கிறது, அழுகிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது. கப்பலில் உலகம் சுற்றிய நோய் எங்கள் மலைக்குள் வந்ததும் கொண்டான் கொடுத்தான் வழியைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டது. எந்தத் தோட்டத்தில் பெண் எடுத்தார்கள், எந்தத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் போதும், அடுத்து எங்கே போகும் என்று சொல்லிவிடலாம்.

கவ்வாத்துக்காரருக்கு முதல் வாய்க்கரிசி போட்டது அவருடைய தங்கச்சி. கொழுந்து பறிக்கிறவர், புருஷன் இல்லாதவர். ஒரு மகன் அவரோடு லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தான். மகளைப் பூண்டுலோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகளுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. பச்சை உடம்பு என்று மாமன் சாவுக்கு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

சில நாளில் அந்தத் தங்கச்சியும் விழுந்தார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைக் காலிசெய்து நோயாளிகளைப் படுக்கவைத்திருந்தோம். குரல் போன பிறகும் அவர் என்னைப் பார்த்துக் கையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். தொட்டில் ஆட்டுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பேத்தியை அவர் இன்னும் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரை இன்னொரு மிடறு ஊற்றினேன். அது கடைவாயால் வழிந்தது.

அவர் கண்ணை மூடியதும் நான் தோட்டத்து மானேஜர் தொரையிடம் போனேன். இந்தச் சாவுக்குக் கூட்டம் கூடாது, வெளியார் வரக்கூடாது, கேதம் சொல்ல ஆள் போகக்கூடாது என்றேன். மல்லுக்கட்ட வேண்டிவரும் என்று நினைத்துப் போனவன் நான். பேச்சை முடிக்குமுன்பே சரி என்றுவிட்டார். சாதாரணமாக ஒரு சாவு விழுந்தால் அரைநாள் வேலை நின்றுபோகும். நல்ல ஏற்பாடு டாக்டர், நோய் போன பிறகும் இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரித்தார்.

லயத்துக்கு நான் திரும்பியபோது கேதம் சொல்லப் போகிறவர் தலைத்துண்டு கட்டிக் கிளம்பி நின்றார். பல காலமாகத் தோட்டத்துச் சாவுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். போகவேண்டாம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சண்டைக்காரனுக்கும் கேதம் சொல்லுவோங்க. சொல்லாம விட்டா என்ன அர்த்தம்னு தெரியும்ல? அறுத்துவிட்டாச்சுன்னு அர்த்தம். பெத்த மகளை அறுக்கச் சொல்றீங்களா?"

மகன் இஸ்தோப்புத் தூணில் சாய்ந்திருந்தான். "பூண்டுலோயாவுல தங்கச்சிக்கு மட்டும் சொல்லிட்டு ஓடியாந்துர்றேங்க. வேற ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்றான்.

"சொன்னா வந்துருவா" என்றேன்.

"வரட்டுமே. பெத்த தாய்ங்க."

"வந்தா மடியில புள்ளையோட வருவா. நீ போனாலும் ஒண்ணுதான். ஒனக்குள்ளயே இருக்கலாம். அந்தப் புள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கப்போறியா?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு அவற்றைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டான். நோய் அடங்கட்டும், பிறகு சொல்லலாம் என்றேன். தலையாட்டினான்.

அன்று பின்னேரமே புதைத்தோம். குளிப்பாட்டவில்லை. சாக்கில் சுற்றி நான்கு பேர் தூக்கினார்கள், மகன் தள்ளி நின்றான். சுண்ணாம்பைக் கொட்டியபோது வெள்ளையாகப் புகைந்தது. குழிக்கு நேர் மேலே இருந்த மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அவரோடு ஒரே நிரையில் நின்று பறித்தவர்கள். ஒருத்தி கையை நிறுத்திவிட்டுப் பார்த்ததும் கங்காணி மேலேயிருந்து சத்தம் போட்டான்: "அங்க என்னா பார்வை? குழியில கொழுந்தா மொளச்சிருக்கு?" கைகள் திரும்ப ஓட ஆரம்பித்தன.

அதற்குப் பிறகும் சிலர் விழுந்தார்கள், சிலர் பிழைத்தார்கள், நோய் வந்த மாதிரியே போய்விட்டது. பூண்டுலோயாப் பக்கம் அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது மகனைக் கூப்பிட்டு, இனிப் போய்ச் சொல் என்றேன். போகிறேன் என்றான். போகவில்லை. கேதக்காரரைக் கேட்டேன். "சூட்டோட சொல்றதுதாங்க கேதம். ஆறிப்போனதக் கொண்டுபோனா வெளக்குமாத்தாலதான் வரவேற்பாங்க" என்று சொல்லிவிட்டார். நாள் ஏற ஏறச் சொல்லப் போகிறவனுக்கு விளக்கவேண்டியதும் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் மகளே வந்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் பையோடு லயத்துக்கு ஏறி வந்திருக்கிறாள். எதிரே வந்தவர்கள் எல்லோரும், வாம்மா, எப்ப வந்தே, புள்ள யார் சாடை என்று கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போயிருக்கிறார்கள். காம்பரா பூட்டிக் கிடந்தது. வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஓர் ஆள் மருந்துக் காம்பராவுக்கு மூச்சிரைக்க ஓடிவந்து, "நிப்பாட்டினது நீங்கதானே, நீங்களே வந்து சொல்லுங்க" என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்துக்காரப் பெண்கள் கூடையோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையையும் அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். அவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அவளைக் கடந்து போனார்கள். கடைசி ஆளும் போன பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா எந்த மலையில நிக்கிறாங்க டாக்டரய்யா? எல்லாரும் எறங்கிட்டாங்களே."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. அவள் அழவில்லை. கேள்வியாகக் கேட்டாள்.

"வாய்க்கரிசி யார் போட்டது?"

"போடலம்மா."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும்."

"குளிப்பாட்டினீங்களா?"

"இல்ல. சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம்."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். கப்பலையும், மஸ்கெலியாவையும், அவளுடைய மாமனையும், உதட்டிலிருந்து கைக்கு வருவதையும், நோயில்லாதவன் நோயைச் சுமப்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவ்வளவு தெளிவாக நான் வேறு யாருக்கும் சொன்னதில்லை. பொறுமையாகக் கேட்டாள்.

"நான் வந்திருந்தா எம்புள்ளைக்கு வந்திருக்கும்கிறீங்க."

"வந்திருக்கலாம்."

"வராமயும் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"எங்க தோட்டத்துல ஒருத்தரும் சாகல டாக்டரய்யா. நல்லதுதான். அதுக்கு எங்கம்மா வாய்க்கரிசிதானா கெடச்சுச்சு?"

வராமல் போன நோய்க்கு என்ன சாட்சி காட்டுவது? சாகாத பிள்ளை அவள் இடுப்பில் இருந்தபடி என் சட்டைப் பொத்தானைப் பிடிக்கக் கையை நீட்டியது. என்னை அறியாமல் ஓர் அடி பின்னால் போனேன். அந்தக் காலத்தில் யார் கை நீண்டாலும் எனக்கு அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

அண்ணன் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தான். தங்கச்சியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான். டாக்டரய்யாதான் சொல்ல வேணாம்னாங்க என்றான்.

"டாக்டரய்யா ஊருக்குச் சொன்னாங்க. நீ எனக்கு அண்ணன்டா" என்றாள் அவள். "அங்க எம் மாமியா என்னா கேப்பாங்க தெரியுமா? ஒங்க வீட்டுல ஒன்னைய எப்ப அறுத்துவிட்டாங்கன்னு கேப்பாங்க. நான் என்னான்னு சொல்றது? கிருமின்னா?"

பக்கத்துக் காம்பராப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை. பையையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டாள். உறவை அறுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் எங்கள் லயங்களில் தண்ணீர் குடிக்காமல் போவார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை.

பிறகு நான் இரண்டு முறை பூண்டுலோயாவுக்குப் போய் அவளுடைய மாமனார் மாமியாரிடம் விளக்கினேன். மரியாதையாக உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துக் கேட்டார்கள். டாக்டரய்யா சொல்றது சரியாத்தான் இருக்கும், ஆனா கேதம் வரலையே என்றார்கள். எத்தனை முறை சுற்றி வந்தாலும் அந்த இடத்திலேயே வந்து நின்றார்கள். அதே நிலைமை இன்றைக்கு வந்தாலும் நான் அதே உத்தரவைத்தான் போடுவேன். அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அண்ணனுக்கும் போகக் கடதாசி வந்தது. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போனால் திரும்பி வருவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பயணம். மருந்துக் காம்பராவுக்கு வந்து, "ஹட்டன் ஸ்டேசனுக்கு மட்டும் அவள வரச் சொல்லுங்க, பேசக்கூட வேணாம், நிண்டாப் போதும்" என்றான். எனக்காக இல்லாவிட்டாலும் அந்தத் தாய்க்காக வருவாள் என்று நம்பிக்கொண்டு போனேன்.

அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நிரையின் ஓரத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள், கும்பிட்டாள். பிள்ளை சுகமா என்றேன். பள்ளிக்கூடம் போறா என்றாள். ஒங்க அண்ணன் அனுப்பித்தான் வந்தேன் என்றேன்.

"செத்துட்டாரா?"

"இல்லம்மா. இந்தியாவுக்குப் போறான். ஒன்னைய ஒருக்காப் பாக்கணும்னு..."

"செத்தவங்களுக்கே சேதி வரல டாக்டரய்யா. உசுரோட போறவருக்கு என்னத்துக்குச் சேதி?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லும்போதும் கை நிற்கவில்லை, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து நிரைப் பெண்கள் எங்களையே பார்த்தார்கள். வேலையைக் கெடுக்காமல் கீழே இறங்கும்படி கங்காணி என்னைப் பார்த்துக் கையசைத்தான். அவள் அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டாள். ஹட்டனில் காத்து நிற்கப்போகிறவனிடம் அவள் வரமாட்டாள் என்று போய்ச் சொல்லவேண்டுமே என்று நினைத்தபடி நான் பாதைக்கு இறங்கினேன்.