வைப்பரில் கட்டிய சிவப்பு நூல்

பிள்ளையள், சென்ட் லோரன்ட் வீட்டில் இருந்த காலத்தில் நீங்கள் சின்னன்கள். அந்தப் பனிக்காலத்தில் அப்பா காட்டிய கெட்டித்தனத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை. அவ கூட்டிக் குறைத்துச் சொல்ல முதல் நானே எழுதிவிடுகிறேன்.

ஒருநாள் காலையில், பனி இறுகிவிடும் என்று எங்கள் வான் வண்டியின் பின்கண்ணாடியை வழித்துக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்ற, கல்யாண மோதிரமும் கூடவே கழன்று கீழே பனிக்குள் புதைந்தது. கோயிலில் பாதர் மந்திரித்து, அம்மா தன் கையால் போட்டுவிட்ட மோதிரம். தேட நேரமில்லை. என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த சீன நண்பர் தன் காரில் ஹோர்ன் அடித்தபடி எனக்காக நிற்கிறார். நான் பதறவில்லை. என் தொப்பியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி நூலை உருவி, மோதிரம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே, வானின் பின் வைப்பரில் இறுக்கிக் கட்டினேன். அடையாளம் வைத்தாயிற்று!

பின்னேரம் வந்து இறங்கியதும் நூல் கண்ணில் பட்டது. பனி அள்ளும் சவளை எடுத்துக் கிண்டினேன். நண்பரும், பாவம், குனிந்து கையால் அளைந்தார்.

பல்கனியிலிருந்து அம்மாவின் குரல்:

"இஞ்சாருங்கோ, அங்கை என்ன கிண்டுறியள்?"

"காலமை மோதிரம் விழுந்திட்டுது. நீர் பேசாமல் இரும், இடம் எனக்குத் தெரியும்."

"காலமை வான் றோட்டுக்கு அந்தப் பக்கமெல்லோ நிண்டது! பனி அள்ள வாறாங்கள் எண்டு சைரன் அடிக்க, நான்தானே இஞ்சாலை மாத்தி விட்டனான்."

அந்தப் பக்கம் பார்த்தேன். பனியெல்லாம் லொறியில் போய், தார் மட்டும் பளிச்சென்று கிடந்தது.

நண்பர் சிரிப்பை அடக்கமுடியாமல், உறைந்த கண்ணாடியில் விரலால் நாலு சீன எழுத்து எழுதினார். இரண்டாயிரம் வருசத்துக்கும் பழைய கதையாம். ஆற்றைக் கடக்கும்போது ஒருவனுடைய வாள் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. உடனே படகின் விளிம்பில் ஒரு வெட்டுப் போட்டு, "இதிலைதான் விழுந்தது" என்றானாம். படகு கரைக்கு வந்து நின்றபிறகு, அந்த வெட்டுக்கு நேர் கீழே குதித்துத் தேடினானாம். 'படகில் வெட்டி வாளைத் தேடுதல்'. நிலைமை மாறியபிறகும் பழைய அடையாளத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறவனை அப்படிச் சொல்வார்களாம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நம்பவில்லை, இன்றைக்குத்தான் அந்த ஆளை நேரில் பார்க்கிறேன் என்றார். எங்கள் இருவரின் அரைகுறைப் பிரெஞ்சிலும் அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

அம்மா இறங்கி வந்தா. வாங்கிக் கட்டத் தயாராக நின்றேன். அவ என் வெறும் விரலைப் பார்த்தா. பிறகு வைப்பரில் இருந்த நூலை அவிழ்த்து, அந்த விரலில் சுற்றிக் கட்டினா.

"வான் ஓடித்திரியிற சாமான். இந்த விரல் எங்கையும் போகாது."