டீசல் டேங்கில் குடியேறிய சேனை

நான் சொல்லப்போவதை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. ஆனாலும் சதுரங்கப்பட்டினத்துக் கடலைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்.

இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, இன்று காலை என் மச்சான் குமார் படகை எடுக்கப் போனான். பழைய இரும்பு டீசல் டேங்கின் அடியில் ஓட்டை. டீசல் முழுக்கப் படகுக்குள்.

உடனே கூடப் பிறந்த தம்பி சேகரின் சட்டையைப் பிடித்தான்.

"டீசல் திருட நீதான்டா ஓட்ட போட்டுகீற."

"நா இன்னாத்துக்குண்ணா போடப்போறேன்? என்னாண்ட டிரில்லே கெடையாது."

ஊரே கூடிவிட்டது. நல்லவேளை, மெக்கானிக் டேங்கைக் கழற்றி அடியிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒன்றை அள்ளிக் காட்டினார். அழுகிய முட்டை நாற்றத்தில் மகாபலிபுரத்துக் கல் யானையே மூக்கைப் பொத்தியிருக்கும்.

"அண்ணாத்த, இது பாக்டீரியா வேல. டீசலுக்கு அடியில தண்ணி நின்னுகினு இருந்தா அதுல குடித்தனம் வந்துடும். அதுங்க விடற என்சைமு, ஆசிடு எல்லாம் சேந்து இரும்ப அரிச்சிடும்."

கோடானுகோடிப் பேர், ஷிப்ட் போட்டு, தலையில் ஹெல்மெட்டோடு வேலை பார்த்ததை என் கண்ணால் கண்டேன். நாமெல்லாம் சீட்டாடிய இரண்டு மாதத்தில் இந்தக் கரையில் ஒரு நாளும் லீவு எடுக்காத கூட்டம் அது ஒன்றுதான்.

குமார் சட்டையை விட்டான். "தண்ணி எப்பட்றா உள்ள போச்சு?"

எல்லாரும் டேங்கைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன்.

ஹெல்மெட்டை நம்ப வேண்டாம். ஆனால் ஒரு சின்ன உண்மை உண்டு. தடைக்காலத்துக்காகப் படகைக் கரையில் கட்டிப்போட்ட அன்று பூஜை போட்டு, டேங்க் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு சொம்பு தீர்த்தத்தை உள்ளே ஊற்றியது நான்தான்.

சேகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது குமாரா, நானா? பாக்டீரியாதான் கேட்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு என் வீட்டில் மீன் குழம்பு உண்டு.