அபர்ணாவின் பெயருக்குப் பின்னால்

பக்கத்து அறையிலிருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு வயது அபர்ணா தன் பாட்டில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். இங்கே குசினிச் சாப்பாட்டு மேசையில், அவளைப் பெற்ற பிரியந்தனுக்கும் அவளை இப்போது வளர்க்கிற செந்தில்நாதனுக்கும் நடுவில், லோயர் கொடுத்துவிட்ட கடிதக்கட்டு கிடந்தது.

“ஆறுதலா வாசியுங்கோ,” என்றார் செந்தில்நாதன். “நீங்கள் ஓமெண்டால் நான் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுப்பன். பிறகு உங்கட சம்பளத்தில வெட்டுறது நிண்டிடும்.”

“றோகிணி என்ன சொல்லுறா?” பிள்ளையின் தாயை, இப்போது செந்தில்நாதனின் மனைவியை, பிரியந்தன் விசாரித்தான்.

“நீங்களாக் கேட்டதாலதான் அவ சம்மதிச்சவ.”

உண்மைதான். கேட்டவன் அவனேதான்.

பிரியந்தன் கிளிநொச்சியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம். சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினான், பிறகு காருக்கு இருக்கை தைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தான். றோகிணியோடு வாழ்ந்தது நாலே வருடம். பிரிந்த பிறகு, பிள்ளைக்கான பணத்தை வெட்டிக்கொண்டுதான் சம்பளம் அவன் கைக்கு வந்தது. அதற்காக அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சனிக்கிழமைகளில் மகள் இந்த ரெக்ஸ்டேல் பேஸ்மென்ற் வீட்டுக்கு வருவாள். அது போதும் என்றிருந்தான்.

இந்த வருடம்தான் எல்லாம் குலைந்தது. தொழிற்சாலையில் வேலை கிழமைக்கு மூன்று நாளாகக் குறைந்தது. மே மாதத்தில் ஊரில் சண்டை முடிந்தது. இரண்டு கிழமை கழித்து, வவுனியா முகாமிலிருந்து தங்கை யோகமலரின் குரல் வந்தது. புருஷன் இல்லை. அவள் பெற்ற பெடியள் இரண்டு பேரும் இல்லை. “அண்ணா, என்னை இதுக்குள்ள இருந்து எடு,” என்றாள். லைன் அறுந்துவிட்டது. அவளை வெளியே கொண்டுவரலாம் என்ற ஒருவன் பெருந்தொகை கேட்டான்.

சம்பளத்தில் வெட்டுவது நின்றால் அந்தக் காசைச் சேர்த்துவிடலாம். ஒரு கையெழுத்துத்தானே, பெற்ற பாசம் எங்கே போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் பிரியந்தன் செந்தில்நாதனைக் கூப்பிட்டிருந்தான்.

மூன்றாம் பக்கத்தில் அவன் விரல் நின்றது. பிள்ளையின் புதிய பெயர்: அபர்ணா செந்தில்நாதன்.

எங்கள் ஆட்களுக்குப் பரம்பரைப் பெயர் ஏது? பிள்ளையின் பெயருக்குப் பின்னால் நிற்பது தகப்பனின் சொந்தப் பெயர். அந்த இடத்தில் இனி அவன் இல்லை. இது அவனுக்கு இதுவரை தோன்றவே இல்லை.

“அப்பா, லுக்!”

அபர்ணா ஓடிவந்தாள். கையில் நீல மட்டையில் சேர்ட் வடிவத்தில் வெட்டிய வாழ்த்து அட்டை. “ஃபாதர்ஸ் டே நாளைக்கு. நான் இண்டைக்கே தாறன். இந்த அங்கிளுக்கும் செய்தனான், அது வீட்டில இருக்கு.”

அடியில் கோணல் எழுத்தில் ‘அபர்ணா பி’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“ஏனம்மா பி போட்டனீங்கள்?”

“கிளாஸில ரெண்டு அபர்ணா. அவ அபர்ணா எஸ். சண்முகநாதன் அங்கிளின்ர மகள். நான் அபர்ணா பி. பிரியந்தன்!”

“நீங்களும் எஸ் ஆனால்?”

“நோ அப்பா!” அவள் முகம் கறுத்தது. “பிறகு ரீச்சர் என்னை எப்பிடிக் கூப்பிடுவா? அந்த அபர்ணா பென்சிலைக் கடிக்கிறவ. நான் அவ இல்லை.”

செந்தில்நாதன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பிரியந்தன் தாள்களை ஒன்றாக அடுக்கினான். “மன்னிக்கவேணும் அண்ணை. என்னால இதில கையெழுத்து வைக்கேலாது. உங்களை அலைய வச்சிட்டன்.”

“நான் பொல்லாதவன் இல்லை, பிரியந்தன்.”

“தெரியும் அண்ணை. அதாலதான் உங்களிட்டக் கேட்டனான்.”

“அப்ப தங்கச்சி?”

“காரை விக்கிறன். பேக்கரியில இரவு வேலை இருக்காம்.” குரலைத் தாழ்த்தினான். “அவள் தன்ர ரெண்டையும் பறிகொடுத்தவள், அண்ணை. என்ர ஒண்டைக் குடுத்து அவளை மீட்டனான் எண்டு தெரிஞ்சால், என்ர முகத்தில முழிப்பாளே?”

செந்தில்நாதன் கடிதக்கட்டை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். குனிந்து அபர்ணாவின் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார்.

“அடுத்த சனி வாறன் அப்பா.”

“வாங்கோ, அபர்ணா பி.”

அவள் கலகலவென்று சிரித்துக்கொண்டே செந்தில்நாதனின் கையைப் பிடித்துப் படியேறினாள். கடைசிப் படியில் திரும்பிக் கையசைத்தாள். பிரியந்தன் நீல மட்டையை நெஞ்சோடு அணைத்தபடி கீழேயே நின்றான். மேலே கதவு சாத்தப்பட்டது.